குட்டையில் பன்னிரண்டு மாடி

முன்னோட்டத்தில் நாற்பது நொடி மழை.
தரையில் தேங்கிய குட்டையில்
புளோக் 114 தலைகீழாய் நின்றது, பன்னிரண்டு மாடியும்.
ஏழாம் மாடியில் யாரோ விளக்கை அணைக்க
குட்டையிலும் அணைந்தது.
அந்த விளக்கு என்னுடையது. ஆறு வார வேலை.

ஆகஸ்டில் பூன் கியாட் பட்டியலோடு வந்தான்.
நொடிக்கு முப்பது பிரேம் வேண்டும்,
இருபத்திரண்டிலேயே மூச்சு வாங்குகிறது,
எதையாவது இறக்கு.

இறக்கினேன்.
முதலில் மூங்கில் கழியில் காயும் துணிகளின் நிழல்.
பிறகு லிஃப்ட் கதவிலிருந்த கைரேகைகள்.
கோப்பிக்கடை மேசையில் கோப்பைகள் விட்டுப்போன ஈர வளையங்களை
நூரைனி ஒவ்வொன்றாய் வரைந்திருந்தாள்.
அன்று மதியம் அவள் என்னோடு சாப்பிட வரவில்லை.
கடைசியில் குட்டை.
இப்போது அது சாம்பல் வட்டம்,
கொஞ்சம் மினுக்கும், அவ்வளவுதான்.

வெளியீட்டுக்கு ஒன்பது நாள் இருக்கையில்
அந்தப் படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
சிவப்பில் சுழித்துக் கேட்டார்கள்:
ஆசை காட்டி மோசம் செய்தது யார்?

பொய்யில்லையே, அன்று ஓடியதே என்றான் பூன் கியாட்.
ஓடியதுதான்.
சூட்கேஸ் அளவு இயந்திரத்தில், குளிரூட்டிய அறையில்,
ஒரே ஒரு தெருவில்.
கேமரா இடப்பக்கம் திரும்பியிருந்தால் அங்கே சுவரே கிடையாது.
இரவல் சங்கிலி போட்டு எடுத்த புகைப்படம்.
கழுத்து என்னவோ நம்முடையதுதான்.

முன்பணம் கட்டியவன் கோபம் எனக்குப் புரிகிறது.
திக்காமல் ஓடவேண்டும் என்பதும் அவன்தான்.

இரவு பத்தரைக்குக் காமன்வெல்த்தில் இறங்கினேன்.
மழை விட்டிருந்தது.
எங்கள் புளோக்கின் கீழே நிஜக் குட்டை.
செருப்பு நனையாமல் தாண்டி
லிஃப்ட் பொத்தானை அழுத்திய பிறகுதான் உறைத்தது,
குனிந்து பார்க்கவே இல்லை.
திரும்பி வந்தேன்.
சாப்பாடு கொண்டுவந்தவனின் சைக்கிள்
எல்லா மாடிகளையும் கலைத்துப் போட்டிருந்தது.
நீர் அடங்கும்வரை நிற்கப் பொறுமையில்லை,
பசி.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.
114க்குப் பின்னால், குப்பை அறை ஓரம்,
கதை போகாத மூலையில்
ஒரு குட்டையை இறக்காமல் விட்டிருக்கிறேன்.
ஒரு சாண் அகலம்.
ஏழாம் மாடி மட்டும் தெரியும்.
அங்கே எவராவது வந்து நின்றால்
ஆட்டம் அரை நொடி திக்கும்.
பூன் கியாட் அதைப் பிழை என்று குறித்து
சரிசெய்யச் சொல்லி
என் பெயருக்கே அனுப்புவான்.