ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருப்பவன்

சாவிக்கொத்தை எடுக்கிறேன்.
வைக்கிறேன்.
மறுபடி எடுத்து, பாக்கெட்டில் போட்டுக் குலுக்குகிறேன்.
எங்கும் போகவில்லை.

செருப்பை மாட்டி அடுப்படிவரை நடந்து
தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.
ஹெல்மெட்டை மாட்டி, வாரையும் பூட்டி,
தரையில் சம்மணம் போட்டு
பேப்பரில் தக்காளி விலை படிக்கிறேன்.
கதவோரம் உளுந்து
ஒரு காதைச் சாய்த்து
என் புத்தியைப் பற்றி யோசிக்கிறது.
உடம்பெல்லாம் கறுப்பு, மார்பில் மட்டும்
தோல் கழன்ற வெள்ளை.

சன்னல் வழியே பார்த்த கொரியர் பையன்
பார்சலைப் படியில் வைத்துவிட்டு
கையெழுத்துகூட வாங்காமல் போய்விட்டான்.

டாக்டர் ஜெசிந்தா சொன்ன வைத்தியம் இது.
"கெளம்புறதுக்கு முன்னால செய்யிற எல்லாத்தையும்
கெளம்பாமலே செய்ங்க.
சாவின்னா வெறும் சத்தம்னு அதுக்குப் புரியணும்."
அடிக்கலாமா என்று கேட்டவன் நான்தான்;
மூன்றாவது ஜோடி செருப்பு போன வாரம்.
"அடிச்சா பயம் இடம் மாறும் தம்பி, போகாது"
என்றவர்
மேசைமேல் நடுங்கிக்கொண்டிருந்ததன்
கழுத்து முடியை விலக்கிக் காட்டினார்.
நைலான் கயிறு அறுத்த தடம்,
முடி முளைக்காமல், விரல் அகலத்துக்கு.

விரகனூர் ரிங்ரோட்டில்
கிலோமீட்டர் கல்லோடு கட்டிக் கிடந்தது.
அவிழ்த்தபோதும் என்னைப் பார்க்கவில்லை.
வண்டிகள் வரும் திசையையே பார்த்துக்கொண்டு
ஒவ்வொரு வெள்ளைக் காருக்கும்
எழுந்து எழுந்து நின்றது.

முனிச்சாலையில் எனக்கு மாடி வீடு.
நான் படியிறங்கினதும் கதவைப் பிறாண்டும்.
கீழ்ப்பாதி பலகை ஏறக்குறைய இல்லை.
அப்புறம் ஊளை.
கீழே ஜாக்கெட் தைக்கும் வீட்டுக்கார சுலோச்சனா பாய்
மிஷினை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக் கத்துவார்.
"நாய் ஊளையிட்டா எமனுக்கு வெத்தலை பாக்கு வச்ச மாதிரி.
மாசக் கடைசி வரைக்கும்தான், சொல்லிட்டேன்."

பயிற்சி முடியும்வரை தனியே விடக் கூடாதாம்.
மாட்டுத்தாவணி பழமண்டியில்
நான் கணக்கெழுதும் மேசைக்கடியில் படுக்கிறது.
ஆப்பிள் பெட்டிமேல் காலைத் தூக்காதவரை
பொறுத்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.
ஒருமுறை தூக்கிவிட்டது.
அது மாதுளைப் பெட்டி என்று வாதாடினேன்.

பழகின கை. இதற்கும் ஒரு நோட்டுப் போட்டேன்.
திங்கள் காலை: கதவுக்கு வெளியே ஒரு நிமிடம். ஊளை.
திங்கள் மாலை: முக்கால் நிமிடம். சத்தமில்லை. வரவு.
வியாழன்: ஆறு.
தண்ணி மோட்டார் பக்கத்தில் பதுங்கி நின்று
என் வீட்டை நானே வேவு பார்த்தேன்.
"பொண்டாட்டிய சந்தேகப்படுறான் போல"
என்றார் எதிர்த்த ஸ்டேஷனரிக்காரர்.
எனக்குப் பொண்டாட்டி இல்லை என்பது
தெருவில் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

இருபத்தேழு நிமிடம் தொட்ட அன்று
முக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
மறுநாள், மறுபடி ஒன்று.

மாசக் கடைசியும் வந்தது. வாடகையோடு இறங்கினேன்.
பாய் வாங்கி எண்ணினார். காலி பண்ணு என்கிற பேச்சில்லை.
"நேத்து ஜாஸ்தி நேரம் போலயே" என்றார்.
கட்டிங் மேசையின் ஓரத்தில்
தையல் சாக்பீஸால் கோடுகள்.
நாலு நின்ற கோடு, குறுக்கே ஒன்று,
இப்படி எட்டுக் கட்டு, மேலே ஒன்று.

"நாப்பத்தொண்ணு நிமிஷம்.
பதினஞ்சுல ஒரு தடவ முனகுச்சு.
இருடா, வந்துருவான்னு இங்கருந்தே சொன்னேன். அடங்கிருச்சு.
அது கணக்குல வருமா?"

மேலே வந்து நோட்டைத் திறந்தேன்.
வரவா, கடனா,
எந்தப் பக்கம் எழுதுவது?
உளுந்து வந்து மடியில் மோவாயை வைக்கிறது.
ஹெல்மெட்டைக் கழற்ற
இன்னும் ஞாபகம் வரவில்லை.