பச்சை மஞ்சள் கம்பி

மிடில்விச்சில், கால்வாய்க்கரைக் கிரேன்
என் வீட்டைத் தூக்கி மரக்கட்டைகள்மேல் வைத்தது.
ஐம்பத்திரண்டு அடி. பாசி சொட்டச் சொட்ட.
பதினைந்து மாதம் அதற்குள் தூங்கியிருக்கிறேன்,
அடிவயிற்றைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சர்வேயர் க்வெண்டா ப்ராசர்
சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தாள்,
தர்பூசணி வாங்குகிறவள் மாதிரி காதைச் சாய்த்து.
ஜெல் தடவிக் கருவியை ஒற்றி
சாக்கட்டியால் இரும்பிலேயே எழுதினாள்:
5.8. 5.7. 5.8.
நீர்மட்டத்தில் 5.1.
சுக்கான் பக்கம் வந்ததும்
சாக்கட்டியைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்திருந்தாள்.
4.3.
நாலுக்குக் கீழே போனால்
இன்ஷூரன்ஸ்காரன் போனை எடுக்கமாட்டான் என்றாள்.

கடலுக்குத் துத்தநாகம், நல்ல தண்ணீருக்கு மக்னீசியம்.
அரிப்புக்குப் பசிக்கும்,
இரும்பைத் தொடுமுன் இதைத் தின்னட்டும் என்று
பற்றவைத்து விடுகிற கட்டி.
கேட்டலாக்கில் அதன் பெயர் தியாக ஆனோடு.
மக்னீசியத்தை யாரும் கேட்கவில்லை.
படகை விற்றவன் தந்த ரசீதில்
'புதுசு, நான்கு, நாலு வருஷம் வரும்.'
இப்போது அங்கே ஒட்டிக்கொண்டிருந்தவை
சப்பிப் போட்ட மாங்கொட்டைகள்.

'யார் பக்கத்தில் இருக்கிறாய்?' என்றாள் க்வெண்டா,
சொல்லக் கூசும் வியாதிக்கு
டாக்டர் கேட்கிற கேள்வி மாதிரி.

பக்கத்தில் ரோலண்ட் ஆலரன்ஷா.
உறைபனி இரவுகளில்
சாலைக்கு உப்புத் தூவும் லாரி ஓட்டுகிறவர்.
என் படகின் பெயர் ஹெதர் பெல் என்பதால்
என்னை ஹெதர் என்று நினைத்திருப்பவர்.
ஒருமுறை கருவாடு வறுத்தபோது
கதவிடுக்கில் சீட்டு வைத்தார்: 'தயவுசெய்து. ஜன்னல்.'
அதுதான் எங்கள் மொத்த உறவு என்றிருந்தேன்.

இல்லை. ஒரே மின்கம்பத்தில் இருவர் ப்ளக்கும்.
ஷாக் அடிக்காமல் இருக்க வைத்த எர்த் கம்பி,
பச்சையும் மஞ்சளும்,
அவர் இரும்பையும் என் இரும்பையும்
நீருக்கு மேலே ஒன்றாகத் தைத்திருந்தது.
அவர் கட்டிகள் தீர்ந்து ஏழு வருடம்.
என்னுடையவை இரண்டு படகுக்கும் கரைந்திருக்கின்றன.
ராத்திரி பகலாக, ஒரு பேட்டரி அளவுகூட இல்லாத வோல்ட்டில்
அந்த மனிதரைக் காப்பாற்றியிருக்கிறேன்,
ஒரு குட்மார்னிங்கூட வாங்காமல்.

இதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. ஐசொலேட்டர்.
நூற்றுப்பத்து பவுண்டு, நான்கு ஸ்க்ரூ.
அதை மாட்டுகிற இரவிலிருந்து
அரிப்பு அவர் வீட்டில் சாப்பிட உட்காரும்.

சொல்லாமல் மாட்டியிருக்கலாம். சொன்னேன்.
ஷிப்டுக்குக் கிளம்பி,
பளீரென்ற மஞ்சள் கோட்டில் நின்று கேட்டார்.
என் படகைப் பார்த்தார், தன் படகைப் பார்த்தார்,
கடைசியில் அந்தக் கம்பியை,
இத்தனை நாள் அதன்மேல் கால் வைத்துத் தாண்டியதற்கு
வருந்துகிறவர் மாதிரி.
'மார்ச் வரைக்கும் தாங்குமா, ஹெதர்?
உப்பு சீசன் முடிஞ்சா ஓவர்டைம் பணம் வரும்.'

பெட்டி இப்போது ஸிங்க்குக்கு அடியில்,
வெங்காயத்தோடு, சீல் பிரிக்காமல்.
பெருந்தன்மை என்று சொல்லமாட்டேன்.
டிசம்பரில் ஸ்க்ரூ திருக விரல் மடங்காது,
புதுக் கட்டிகள் நான்கும் கொழுத்துத்தான் இருக்கின்றன,
பிட்டுமன் இரண்டு கோட் பூசியிருக்கிறது,
தவிர, மார்ச் என்ன, பதினோரு வாரம்.

இன்று விடிகாலையில் கதவைத் திறந்தால்
என் படகோரப் பலகை முழுக்கப் பழுப்பு உப்பு.
நான் வழுக்கி விழக்கூடாதென்று
லாரியிலிருந்து அள்ளி வந்து தூவியிருக்கிறார்.
தாராளமாக. கைப்பிடி வரைக்கும், விளிம்பு வரைக்கும்,
என் இரும்பில் அது உருகி வழிந்துகொண்டிருந்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்.
முதலில் ஒரு வாளித் தண்ணீர்.
அவர் எழுந்து பார்ப்பதற்குள்,
சத்தம் வராமல், கெட்டியாகப் பிடித்துக்கொண்டு,
இரும்பில் பட்டதை மட்டும் கழுவினேன்.
பலகையில் கிடந்ததை அப்படியே விட்டேன்.