கிடைத்தது: பூச்சியம்

மூன்று பெரும்போகம்.
கண்டாவளையில், கடனீரேரிப் பக்கம்,
வெயில் ஏற மண் வெள்ளை பூக்கிற இடத்தில்
இருபத்துநான்கு பாத்தி.
பன்னிரண்டுக்கு உமிக்கரி போட்டோம்.
பன்னிரண்டைச் சும்மா விட்டோம்.
எது எதென்று
அரிவு வெட்டியவர்களுக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் வருடம் வெள்ளம் வரம்பை உடைத்தது.
மூன்றாம் வருடம் பன்றி.
பதினேழாம் பாத்தியில் மிஞ்சிய நெல்லை
லோசினி இரவு பதினொன்றுக்கு
கைவிளக்கில் நிறுத்தாள்.

கரி போட்டதில் ஏக்கருக்குப் பதினொன்றரை மூடை.
போடாததில் பதினொன்று.
அந்த அரை மூடையை நம்ப
எனக்கும் ஆசைதான்.
கணக்கு விடவில்லை.
'வேறுபாடு இல்லை' என்று எழுதினேன்.

முதற் சஞ்சிகை பதினாறு நாளில் திருப்பியது:
கவனமான ஆய்வு, ஆனால் புதிதாக எதுவும் சொல்லவில்லை.
இரண்டாவது காரணமே சொல்லவில்லை.
பீடத்தில் ஒருவர், நல்ல மனதோடுதான், கேட்டார்:
"வெள்ளம் புகுந்த பாத்தி நாலையும்
எடுத்துப்போட்டுப் பாத்தனீங்களோ?"

பார்த்தேன்.
ஒரு பின்னேரம் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன்.
எடுத்தால் வேறுபாடு வரும்.
வடிவாக வரும், தலையில் நட்சத்திரக் குறியோடு.
நாலையும் திரும்ப வைத்தேன்.

அலுமாரி ஒதுக்கும்போது அகப்பட்டது ஒரு நீலக் கோவை.
சசிரூபன், எனக்கு ஒன்பது வருடம் முந்தி.
அதே ஏரிக்கரை. அதே உமிக்கரி. பதினாறு பாத்தி.
கடைசித் தாளில் பென்சிலால்: பயனில்லை.
கனடாவில் லொறி ஓட்டுகிறாராம்.
தொலைபேசியில் சிரித்தார்:
"ஓ, அதுவோ. அதை ஆர் வாசிக்கப்போயினம்?"

நான் வாசித்திருப்பேன்.
குணநாயகமும் வாசித்திருப்பார்.
இடையில் ஒரு திட்டம் வந்து
முரசுமோட்டையில் இருபது குடும்பத்துக்குக்
கரி சுடும் பீப்பாய் கொடுத்தது,
பாதி மானியம், பாதி கடன்.
அவர் வீட்டுத் தோடு இன்னும் அடகில்.

லோசினி கோவையை மூடினாள்.
ஆய்வுகூடத்துக்கு வர முதல்
ஏழு வருடம் முகமாலையில் கண்ணிவெடி எடுத்தவள்.
"எங்கட படிவத்தில ஒரு பெட்டி இருக்கும் மிஸ்.
கிடைத்தது எண்டு.
அநேகமா பூச்சியம்தான்.
காலமை ஆறரைக்கு முழங்கால் குத்தினா,
ஒரு மீற்றர் அகலம், விரல் விரலாக் கிண்டி,
பின்னேரம் பூச்சியம்.
அதுக்கு மூண்டு பேர் கையெழுத்து.
அந்தப் பூச்சியத்துக்கு மேலதான்
இப்ப கச்சான் போட்டிருக்கினம்."

தராசைத் துடைத்தாள்.
துடைத்ததையே இன்னொருமுறை துடைத்தாள்.

"தம்பியின்ர விசயத்திலயும்
இல்லை எண்டு ஒரு கடுதாசி தந்தவை.
அது தேடாம எழுதின இல்லை.
ரெண்டும் ஒண்டில்ல மிஸ்."

அன்றிரவு மறுபடி எழுதினேன்.
எங்கே தேடினோம், எத்தனை முழ ஆழம்,
எந்த வெள்ளம், எந்தப் பன்றி,
எடுக்க நினைத்து எடுக்காத நாலு பாத்தி.
எல்லாருக்கும் திறந்திருக்கிற ஓர் இடத்தில்,
சசிரூபனின் பதினாறையும் சேர்த்து,
அவரிடம் கேட்டுத்தான், போட்டேன்.
தமிழில் ஒரு பக்கமாக அச்சடித்து
கமநல சேவை நிலையப் பலகையில் ஒட்டினேன்.

மூன்றாம் நாள்
அதன் ஓரத்தில் யாரோ
உழவு மெசின் வாடகைக்கு ஒரு நம்பர் எழுதியிருந்தார்கள்.

சைக்கிள் கரியரில் இரண்டு சாக்கு உமியோடு
ஒருவர் நின்று
கடைசி வரிவரை வாசித்தார்.
"அப்ப என்னத்தைப் போடச் சொல்லுறியள்?"
"தெரியாது ஐயா."
என்னை ஒருமுறை பார்த்தார், சாக்கை ஒருமுறை.
"சரி, அப்ப இதைக் கல்லுச் சூளைக்காரனுக்குக் குடுப்பம்"
என்று சைக்கிளைத் திருப்பினார்.