ஐந்து புள்ளி ஒன்று

வண்ணார்பேட்டை, மூன்றாம் மாடி.
ஹால் பதினோரு அடிக்கு ஒன்பது.
வூஃபருக்கு இடமில்லை;
அரிசி டிரம்மை நகர்த்தி அதன் மூலையைப் பிடுங்கிக்கொண்டேன்.
பின் ஸ்பீக்கர் ஒன்று பிரிட்ஜ் மேல்,
இன்னொன்று, ஆணி இறங்காத சுவரில்,
போன வருசத்துக் காலண்டர் கொக்கியில்.

டேப் பிடித்து அளந்தால்
ஐந்து சத்தமும் வந்து கூடும் இடம்
குளியலறை வாசல்.

நாற்காலியை அங்கேதான் போட்டேன்.
“சவத்த, உள்ள போணும், எந்திரிங்க”
என்றாள் பகவதி, மூன்றாவது தடவை.
இடமிருந்து வலம் போன ஹெலிகாப்டர்
அவளுக்காக அந்தரத்தில் நின்றது.

பிறகு வெடிகுண்டு. டிரம்முக்குள் அரிசி நடுங்கியது.
கீழ்வீட்டு ஜெபசிங் அண்ணாச்சி
ஏறி வந்து கதவைத் தட்டுவார் என்று
ரிமோட்டும் கையுமாக இருந்தேன்.
வரவில்லை.

பதினொன்றுக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு
சும்மா உட்கார்ந்திருக்கையில்
தரைக்குள்ளிருந்து அவர் இருமினார்.
வலமும் இல்லை, இடமும் இல்லை.
நட்ட நடுவில்.