தலைக்கு மேல சுமை

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு
தீயணைப்பு நிலையத்தின் பின்கூடத்தில்
ஒன்பது பேர் கூடுகிறோம்.
வயதைக் கூட்டினால் அறுநூற்றுச் சொச்சம்.
நிட்சா ஒருகாலத்தில் ஜூடோ ஆடியவள்;
இடுப்பில் இப்போது எஃகு மூட்டு.
"வீரமெல்லாம் வேண்டாம்" என்பாள்,
"வீடு போய்ச் சேரணும், அவ்வளவுதான்."

கைத்தடியைத் தலைக்கு மேல் ஓங்காதே.
ஓங்கிய தடி எதிரியின் தடி.
கெண்டைக்காலுக்கு எதிர்ப்பக்கம் முன்னெலும்பு,
அங்கே தோலுக்கு அடியில் சதையே கிடையாது,
அடி.
மணிக்கட்டைப் பிடித்தால்
அவன் கட்டைவிரல் பக்கமாய் உருவு.
பர்ஸைக் கேட்டால் கையில் கொடுக்காதே,
தூர எறி.
அது ஒரு திசை, நீ ஒரு திசை.

இதெல்லாம் வந்துவிட்டது.
கத்துவதுதான் யாருக்கும் வரவில்லை.
தபால்காரர் அனாக்லேத்தோ வாயைத் திறந்தால் இருமல்.
ரெபேகா மன்னிப்புக் கேட்பதுபோல் கத்துவாள்.
எனக்கோ 'உதவி' என்ற சொல்
தொண்டைவரை வந்து
முறைத்துவிட்டுத் திரும்பிப் போகும்.

ஜூன் மாதம். வால்பரைசோவில் மழை.
மலையேறும் ரயில்பெட்டி பழுதென்று
மூன்றாவது வாரமாய்ப் பலகை தொங்குகிறது.
நூற்று நாற்பது படிகள்.
எண்பதுக்கு மேல் விளக்கில்லை.
எண்பத்தாறாவதில்
யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தான்.

கட்டைவிரல் எந்தப் பக்கம்?
அவனுடையதா என்னுடையதா?
ஒரு வருடப் பாடம்
மழைத்தண்ணீரோடு படியிறங்கிப் போனது.

அப்போது என் வாய் திறந்தது.
துறைமுகத்தில் முப்பத்து நாலு வருடம்
கிரேனுக்குக் கீழே நின்று
கை காட்டியவன் நான்.
பத்து டன் இரும்பு காற்றில் ஆடும்போது
எது வருமோ அது வந்தது:
"தலைக்கு மேல சுமை! விலகு! விலகு!"

அவன் அண்ணாந்து பார்த்தான்.

சத்தியமாக.
வெறும் மழை பெய்யும் வானத்தை
வாய் பிளந்து பார்த்தான்.
பிடி தளர்ந்தது. கை தானே உருவிக்கொண்டது.
தடி தானே தாழ்வாய் வீசியது.
முன்னெலும்பின் சத்தம்
ஈர விறகு முறிவதுபோல்,
முறியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
பர்ஸ் கீழே ஒரு பக்கம் பறந்தது;
நான் மேலே, ஐந்தாறு படி,
ரொட்டிக்கடைக் கதவைத் தோளால் தள்ளி உள்ளே.

கடைக்காரி கதவுக்குத் தாழிட்டு
நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
"தோன் எலிசேயோ, கிரேன் எங்கே?" என்றாள்.
மூன்று ஜன்னல்களில் விளக்கெரிந்தது.
போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள்.
பர்ஸில் மூவாயிரம் பெசோவும்
மருந்துச் சீட்டும்.
ரொட்டியைக் கடனுக்கு வாங்கினேன்.
வீட்டுச் சாவி துளைக்குள் நுழைய
அரைமணி நேரம் ஆனது.

அடுத்த செவ்வாய் எல்லோரும் கைதட்டினார்கள்.
நிட்சா என்னை முன்னால் நிறுத்தி
மறுபடி கத்தச் சொன்னாள்.
கத்தினேன். அனாக்லேத்தோகூட மேலே பார்த்தார்.

ஒன்றை மட்டும் அங்கே சொல்லவில்லை.
அவன் அண்ணாந்தபோது
ஜன்னல் வெளிச்சத்தில் கழுத்து தெரிந்தது.
புதிதாய்ச் சவரம் செய்யப் பழகுகிறவன்.
இரண்டு இடத்தில்
வெட்டிக்கொண்டிருந்தான்.