உரசல் கணக்கு

காலை நாலு நாற்பது.
ஹ்லுஹ்லுவே ஊருக்கு வடக்கே பதினோரு கிலோமீட்டர்.
வண்டிக்குள் நான் இல்லாதவள்.
பேசக் கூடாது. தும்மக் கூடாது.
தலைக்குத் தேங்காய் எண்ணெய் கூடாது.
கடைசி விதி எனக்காகவே சேர்த்தது.

ஏழும் கூண்டில் பிறந்தவை.
பாட்டிலில் பால் குடித்தவை,
காசு கட்டியவர்கள் மடியில் கிடத்திப் படம் பிடித்தவை.
இப்போது இருநூறு ஹெக்டேர் முள்மரம், சுற்றிலும் மின்வேலி.
மனிதரை மறக்கப் பழகுகின்றன.
அந்த மறதிக்கு நான் சாட்சி.
இறைச்சியை நடுநிசியில் தள்ளிவிட்டு வருவான் தோகொசானி.
பாதிக் காட்டுமாடு வானத்திலிருந்து விழுந்ததாக
அவை நினைக்க வேண்டுமாம்.

என் வேலை எண்ணுவது.
யார் யார் தலையில் தலை உரசியது,
யார் எழுந்து போய்க் கொடுத்தது,
யார் படுத்தபடியே வாங்கிக்கொண்டது.
தந்தது ஒரு கட்டம், பெற்றது ஒரு கட்டம்.
சாயங்காலம் கணினி அதைப் புள்ளியும் கோடுமாய் இழுக்கும்.
நடுவில் பிளந்தகாது, எல்லாக் கோடும் அவளுக்கே.
ஓரத்தில் நொண்டி, ஒரே கோடு,
சட்டையில் ஒற்றை நூலில் ஆடும் பொத்தான்.

இங்கே உரசல் என்றால் வணக்கம்.
எங்கள் வீட்டில் உரசல் என்றால்
வெருலம் வீட்டை விற்றது, வக்கீல் நோட்டீஸ்,
பூபாலன் அண்ணன் என் எண்ணைத் தடுத்துவைத்தது.
சொல் ஒன்றுதான்.
எந்தப் பக்கம் தேய்கிறது என்பதில் இருக்கிறது எல்லாம்.

ஜூனில் டோங்காட்டில் ஒரு கல்யாணம்.
காகிதக் கைக்குட்டையில் எண்ணிக்கொண்டிருந்தேன்:
சித்தி மகள் மாமியார் பக்கம் நாற்காலியை நகர்த்தியது மூன்று முறை.
பிரியாணி வரிசையில் எனக்கு முன்னால் நாலாவது ஆள், அண்ணன்.
அவர் திரும்பவில்லை.
நான் இருமவில்லை.
வண்டிக்குள் பழகிய பழக்கம்.

ஆகஸ்டில் பிளந்தகாதுக்குக் காசநோய் என்றார்கள்.
மயக்க ஊசி, தார்ப்பாய், எட்டுப் பேர் தூக்கினோம்.
மற்றவை பார்க்கவில்லை.
வாசனை மட்டும் கேட்டருகே நின்றது.
அன்றிரவு ஆறும் அந்தப் பக்கம் பார்த்துக் கர்ஜித்தன,
நிறுத்தின, காதைத் திருப்பிக் காத்திருந்தன.
கர்ஜனையை எண்ணிவிட்டேன்.
நிறுத்தியதற்கு என்னிடம் கட்டமில்லை.

பிறகு ஒன்பது நாள், சுழியம்.
ஆளுக்கொரு நிழல்.
கணினியில் ஆறு புள்ளி, கோடே இல்லை,
கொட்டிவிட்ட மிளகு.

பத்தாம் நாள், மின்வெட்டு அட்டவணைப்படி
வேலி இரண்டு மணிநேரம் செத்துக்கிடந்தது.
அவற்றுக்குத் தெரியும். அந்த டிக் டிக் நின்றால் தலை நிமிரும்.
நொண்டி எழுந்தாள்.
வேலிக்குத்தான் என்று தோகொசானி ரேடியோவை எடுத்தான்.
அவள் போனது கறும்பிடரியிடம்.
தலையைக் கொடுத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
அடுத்தவளிடம் போனாள், அடுத்தவளிடம்,
மூன்று காலும் ஒரு இழுப்புமாக.
ஒருத்தி உறுமினாள்.
ஒருத்தி கண்ணை மூடிப் பொறுத்துக்கொண்டாள்.
தந்தது ஐந்து. பெற்றது சுழியம்.
கரண்ட் வந்தது.

இவை காட்டுக்குப் போகப்போவதில்லை.
கைபட்டவற்றுக்கு அனுமதி கிடையாது.
இனிப் பிறக்கும் குட்டிகள் போகும், எங்களைக் காணாமலே வளர்ந்தவை.
அதற்கு முதலில் இது ஒரு கூட்டமாக வேண்டும்.
மாத அறிக்கையில் அச்சடித்திருக்கிறது:
பிணைப்பு: உண்டு, இல்லை. ஒன்றை வட்டமிடுக.

இன்று வெளிச்சம் வந்தபோது
கறும்பிடரி ஒரு பக்கம், நொண்டி ஒரு பக்கம்,
நடுவே இன்னொரு சிங்கம் படுக்கும் அளவு புல்.
அவள் வால்நுனி மட்டும்
அவன் பின்னங்கால் மேல் கிடந்தது.
அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

வால் கணக்கில் வருமா என்று
விரலாலே கேட்டான் தோகொசானி.
வராது. தலையோடு தலைதான்.

ஓரத்தில், பென்சிலால், எழுதிவிட்டேன்.
அழிக்கிறவர்கள் அழித்துக்கொள்ளட்டும்.