இடது தோள்

முந்தாநாள் வந்த ஆலோசகர்
மடிக்கணினித் திரையில்
எங்கள் இரண்டு வயதுச் சட்டையின் வெட்டுப்படியை விரித்து
இடது தோளில் விரல் வைத்தார்.
கால் அங்குலம் இறங்கியிருக்கிறதே,
பிழையா, பாணியா?

எண்பத்தொன்று. தோ பாயோ, லோரோங் நான்கு, ஏழாம் மாடி.
மின்தூக்கி ஐந்தில் நிற்கும், ஒன்பதில் நிற்கும்,
எங்களுக்கு நிற்காது.
துணிக்கட்டோடு ஒன்பது வரை போய்
நானும் ரொஹாயாவும் படிப்படியாகக் கீழே இழுத்து வருவோம்.
ஏறுவதைவிட அது மேல்.
சீட்டு எடுத்த எண்ணூறு வெள்ளி,
அவள் புருஷன் தவணையில் வாங்கிய தையல் இயந்திரம்,
என் சாப்பாட்டு மேசை.
மேசை வேலைக்குப் போனதால்
இரண்டு வருடம் எங்களுக்குத் தரையில்தான் சோறு.

அளவெடுக்க ஒரு பிள்ளை வேண்டும்.
எனக்கு இல்லை; அவளுடையது இன்னும் தவழவில்லை.
எதிர்வீட்டுக் கோக் லியோங்கைக் கடன் வாங்கினோம்,
கூலி இரண்டு பிஸ்கட்.
மேசைமேல் நிறுத்தி, நெளிய நெளிய நாடாவைச் சுற்றி,
பழுப்புத் தாளில் கோடு போட்டேன்.

பிறகு வந்ததெல்லாம் அந்தப் பையன்தான்.
அவன் மார்பை அகட்டி மூன்று வயது, நான்கு வயது.
அவன் கையைக் குறுக்கிப் பதினெட்டு மாதம்.
கடைக்குக் கச்சாங் என்று பேர் வைத்தவள் ரொஹாயா,
முதல் பொத்தான்கள் வேர்க்கடலை அளவு இருந்ததால்.

தேக்காவில் ஒரு கம்பியில் தொங்கவிட்டோம்.
தீபாவளிக்கு நாற்பது போனது,
நோன்புப் பெருநாளுக்கு நூற்றிருபது.
எண்பத்தைந்தில் ஊரே ஆள் குறைத்தபோது
மூடிய ஆலை ஒன்றின் ஆறு இயந்திரங்கள்
பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தன.
காலாங் தொழிற்கூடத்தில் நாலாவது மாடி.
(அங்கே மின்தூக்கி நின்றது. நாங்கள் சும்மா இரண்டு தரம் போய் வந்தோம்.)

விசித்திரமான வியாபாரம் இது.
வாங்கியவர் ஆறே மாதத்தில் எங்களை விட்டு வளர்ந்துவிடுவார்.
சட்டை கிழியாது, பொத்தான் அறாது,
வயிறு மட்டும் வெளியே தெரியும்.
முகமூடி வருடத்தில் கடைத்தெரு காலி.
ஆனாலும் அடைந்து கிடந்த வீடுகளுக்குள்
யாரையும் கேட்காமல் வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

அதற்கு முன்னமே ஒன்று. தொண்ணூற்று நான்கு.
தையலைப் பாத்தாமுக்கு மாற்றினேன்.
கணக்கு சரிதான், இப்போதும் சரிதான்.
பதினோரு தையற்காரிகளுக்குக் கடைசிச் சம்பள உறை;
ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி நீட்டினாள் ரொஹாயா.
மேசையில் பன்னிரண்டாவது ஒன்று இருந்தது.
அதில் தன் பேரை எழுதிக்கொண்டு
அவர்களோடு பஸ் ஏறினாள்.

பெர்த்திலிருந்து ஒரு தாய் கடிதம் போட்டாள்:
என் மகன் நேராகத்தான் இருக்கிறான், உங்கள் சட்டை சாய்கிறது.
பணத்தைத் திருப்பினோம். தோளைத் திருத்தவில்லை.
கணினி வந்தபோது தாளை அப்படியே உள்ளே ஏற்றினார்கள்.
லியோங்குக்குப் பிறவியிலேயே ஒரு பக்கம் சரிவு என்று
நானும் நம்பியிருந்தேன்.

போன வருடம் தை செங் அலுவலகத்தில் மின்தூக்கி பழுது.
வந்தவன் சட்டையில் பேர் பார்த்தேன்.
வெட்கத்தை விட்டு, திரும்பி நில் என்றேன்.
இரண்டு தோளும் மட்டம்.
அன்றைக்கு நான் டின்னை விடவில்லையாம் ஆன்ட்டி,
அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.
மைலோ டின். நிறையப் பொத்தான்.
பிடுங்கினால் அழுகை, அதனால் இடது கையிலேயே விட்டிருந்தோம்.
எனக்கு எப்படி மறந்தது?
ரொஹாயாவுக்கு நினைவிருக்கும்.
எண்ணைத் தேடி எடுத்தேன். அழைக்கவில்லை.

ஆலோசகர் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எட்டு நாட்டுப் பிள்ளைகளின் சராசரி கையில் இருக்கிறதாம்,
ஒரு பொத்தானை அழுத்தினால் தோள் நிமிர்ந்துவிடுமாம்.
பிழைதான் என்றேன்.
திருத்த வேண்டாம்.
இரண்டு வயதில் எந்தப் பிள்ளை வெறுங்கையோடு நிற்கிறது?

அவர் குறிப்பில் தட்டினார்:
இடது தோள், காரணம், ஒரு டின்.
எத்தனை கிலோ என்று கேட்டார்.